கைதட்டி அனுப்பிவிட்டார்கள்

என் பெரிய டாக்டரம்மாவுக்கு உன்னைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. அப்பாவுக்கு மூட்டுவலி, எனக்குக் கண்ணில் புரை, மற்றபடி இங்கே எல்லாருக்கும் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் சரி. முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் மகள் வக்கீல் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது தெருவே எட்டிப் பார்த்தது. அவள் தம்பி ஓட்டப் பந்தயத்தில் வாங்கின கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். உன் தம்பி மகள் கணக்கில் வகுப்புக்கே முதல், டீச்சர் போட்ட கணக்கிலேயே தப்புக் கண்டுபிடித்தாளாம், வாய் அப்படியே உன்னுடையது. உன் மகன் வயலின் வாசித்து மெடல் வாங்கினதைக் கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி ஒரு வம்சமா என்று தலைநிமிர்ந்துதான் நடக்கிறேன். குடிக்கிறவர்களிடமும் போதைப் பழக்கம் உள்ளவர்களிடமும் எப்படிப் பேச வேண்டும் என்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பாடம் சொல்லித் தருகிறவள் என் மகள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து எனக்கே பாடம் எடுப்பாய், காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் தம்பி காலையிலேயே ஊற்றிக்கொள்கிறான் என்று முன்பே சொன்னேன். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்குப் பொடித் திருகு முடுக்குகிற கை, சரக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்கிறான். கெஞ்சினேன், கோபித்தேன், அவன் மகளை விட்டுச் சொல்லவைத்தேன், ஒருவழியாக ஆஸ்பத்திரிக்கு வந்தான். உன் பாடம் அங்கேயும் நடக்கிறது என்று நீ சொல்லியிருந்தாயே, அந்தத் தைரியத்தில் போனேன். குடிக்கிறவர்களிடம் பேசுகிற இடம் எது என்று கேட்டதற்கு, சீட்டுக் கொடுக்கிறவர் தலையை நிமிர்த்தாமல் மாடியில் கடைசி அறை என்று கை காட்டினார். கதவைத் தள்ளினதும் ஒரு நர்சுப் பெண் எழுந்து வந்து வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம் என்றாள். எந்த ஆஸ்பத்திரியில் யார் நம்மை அப்படிக் கூப்பிட்டார்கள், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா. சுற்றிலும் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், இத்தனை பேர் கூடி என் பிள்ளையைப் பார்க்கப் போகிறார்கள் என்று பூரித்துப்போய் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், கிறுக்கச்சி. அந்தப் பெண் உங்க குடியைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. குடிக்கிறதால உங்களுக்கு என்ன கிடைக்குது, என்ன போகுது என்றாள், அவன் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னாள், அவன் வாய் மூடினபோது தானும் மூடிக்கொண்டு காத்திருந்தாள். அப்புறம் மடை உடைந்த மாதிரி கொட்டினான். கடைக்கு வந்த பெரியவரின் கண்ணாடியைக் கை நடுங்கி உடைத்துவிட்டு அவர் மேலேயே பழி போட்டானாம். மகள் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாளாம். விட்டுடணும்னுதான் இருக்கு, தனியா முடியலை என்று விக்கி விக்கி அழுதான். பெற்றவளிடம் ஒருநாளும் சொல்லாதது. அவன் அழுது முடித்ததும் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, கைதட்டினார்கள். தாடி வைத்த ஒருத்தர் எழுந்து என்ன நடிப்பு சார், எனக்கே கண்ணு கலங்கிடுச்சு என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடி வந்து, பஸ் கிடைக்கலை, நான்தான் நோயாளியா நடிக்க வேண்டியவன் என்றான்.

ஆள் வைத்து நோயாளி மாதிரி நடிக்கவிட்டு, அவனிடம் பேசிப் பழகுவதுதான் உங்கள் பாடமாமே, எங்களுக்கு என்ன தெரியும். அறையில் ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை. உன் தம்பி எழுந்து, நாடகம் முடிந்தவன் மாதிரி எல்லாரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான். தாடிக்காரர் பின்னாலேயே ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு, கீழே போய் நிஜ டாக்டரைப் பாருங்கள் என்றார். பார்த்தேனே அந்த நிஜத்தை, முன்னால் நின்றவனை எத்தனை வருஷமாடா குடிக்கிறே என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி அதட்டிக்கொண்டிருந்தார். நடிக்க வருகிறவனுக்குத் தேன், நோயோடு வருகிறவனுக்கு வேப்பெண்ணெய், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

அந்த நர்சுப் பெண் மட்டும் விலாசம் விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்தாள். நான் நிஜம்னு தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருப்பியாம்மா என்று உன் தம்பி கேட்டான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் கொடுத்திருக்க மாட்டேண்ணே, வெளியே கூட்டம் நிக்கும் என்றாள். பூசி மெழுகாத வாய், அதற்காகவே உட்காரவைத்து டீ கொடுத்தேன். அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை டாக்டரிடம் தானே கூட்டிப்போகிறேன், கூடவே உட்காருகிறேன், அதுவரை டக்கென்று நிறுத்திவிட வேண்டாம், கை நடுங்குகிறவருக்கு அது ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். சொல்லிடாதேம்மா, என்னையும் ஒரு பாடமாக்கிடுவா என்றான். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கோபம் அவன் மேல் இல்லை, உன் மேல். போன தடவை போனில் அவனிடம் வாரத்துக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்டாயாமே, அன்றிலிருந்து உன் போன் அடித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள், கூடப்பிறந்தவனுக்கு அது பலிக்காது போலிருக்கிறது. ஒழுங்காக அந்த வியாழனுக்கு முன்னால் அவனைக் கூப்பிடு. சம்மதமா கிம்மதமா என்று கேட்காதே. டேய் சாப்பிட்டியாடா என்று கேள், ஏண்டா போனை எடுக்க மாட்டேங்கிறே என்று திட்டு, பதிலுக்கு அவன் திட்டினால் வாங்கிக்கொள். ஆஸ்பத்திரிப் பேச்சை அவனே எடுக்கட்டும். அவன் போகாமல் இருந்துவிட்டால் அப்புறம் என்னால் இழுத்துப்போக முடியாது, எனக்கும் வயசாகிறது. அந்த அறைக் கதவில் உள்ளே பாடம் நடக்கிறது என்று ஒரு பலகையாவது மாட்டச் சொல். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்லிவிடாதே, சொன்னாய் என்று தெரிந்தால் உன்னோடு பேச மாட்டேன்.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசி, நீ நூறு வயசு இருக்க வேண்டும், முதுகு வலிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு ராப்பகலாக உட்கார்ந்திருக்காதே. கூடத்தில் மாட்டியிருந்த உன் போட்டோவை, மைக்கைப் பிடித்துக்கொண்டு கழுத்தில் அட்டையோடு நிற்கிறாயே அதைத்தான், நேற்றுக் கழற்றி வைத்துவிட்டேன், அதற்கு எதிரே அவன் தட்டைப் போட்டு உட்கார மாட்டேன் என்கிறான். புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. வீட்டு உடுப்பில் தலை கலைந்திருந்தாலும் பரவாயில்லை, பார்த்தால் அவனுக்கு அக்கா மாதிரி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா