சுவர் தாங்கும் என்று சொன்னவன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது, நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். உன்னைக் குழுத் தலைவியாக்கியதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உன் குழுவில் யாரும் உன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுவதில்லை என்று பெருமையாக எழுதியிருந்தாய், எனக்கு அது சரியாகப் படவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கண்ணாடி பாட்டில் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தில் யார் ஒரு குறையைச் சொல்கிறாரோ அது அவர் தலையிலேயே விழும், நீதானே சொன்னாய் நீயே பார் என்பார் மேனேஜர். அதனால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். படித்தவர்கள்தான், தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு புத்தி உண்டு, கூடி உட்கார்ந்தால் மேனேஜர் புத்திதான். கண்ணாடி உருக்கும் உலையின் சுவர் அரித்துப்போய் வெளிப்பக்கம் சிவந்து தெரிகிறது என்று என்னிடம் சொன்னதே உன் சித்தப்பாதான், நம் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே. உலைப் பராமரிப்பு அவன் வேலை. மறுநாள் கூட்டத்தில் உலையை நிறுத்த வேண்டும் என்று நான் சொன்னேன். மேனேஜர் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்து, "என்னப்பா, செவுரு தாங்குமா தாங்காதா?" என்றார். அவன் என் பக்கம் திரும்பாமல், "தாங்கும் சார்" என்றான். மற்ற தலைகளும் ஆடின. பழக்கப்படி உலையைக் கண்காணிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது, நிறுத்தும் அதிகாரம் மட்டும் வரவில்லை.

போன மாதம் சுவர் உடைந்து உருகிய கண்ணாடி தரையில் ஓடியது, ஓர் ஆபரேட்டருக்குக் கால் வெந்துவிட்டது. பொறுப்பு என்னுடையதாம், விசாரணை வைத்தார்கள், வேலை போய்விடும் என்றே இருந்தோம். அம்மா சித்தப்பா வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லும்படி கேட்டுவிட்டு வந்தாள், போகாதே என்று நான் சொன்னதை எங்கே கேட்டாள். முந்தாநாள் விசாரணையில் அவன் எழுந்து மேனேஜரைப் பார்த்து, "அண்ணன் நிறுத்தத்தான் சொன்னாரு சார். தாங்காதுன்னு எனக்குத் தெரியும். உங்க மொகத்தப் பாத்துட்டுத் தாங்கும்னுட்டேன்" என்றான். சாயங்காலத்துக்குள் அவன் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். கேள்வி கேட்ட அந்த முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வேலை இருக்கிறது. நேற்றுக் கூட்டத்தில் மேனேஜர் கேட்டதற்கெல்லாம் எல்லோரும் சரி என்றார்கள், நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சந்தோஷமும் இல்லை துக்கமும் இல்லை, மனசு மரத்துக் கிடக்கிறது. அவன் கடைசியில் சொன்னதற்காக முதலில் சொன்னதை மறக்க என்னால் முடியவில்லை. வேலை போன பிறகு அம்மா அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், நான் போகவில்லை. நீ உன் கூட்டங்களில் உன் முடிவை எல்லோரும் பேசிய பிறகு சொல். உன்னை மறுத்துப் பேசுகிறவர் தலையில் அந்த வேலையைக் கட்டாதே. ஒருவரும் மறுக்கவில்லை என்றால், உன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. சித்தப்பாவுக்கு ஒரு போன் செய், உனக்குத் தெரிந்த இடத்தில் அவனுக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று விசாரி. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அப்பா