மாரியம்மனிடம் உத்தரவு கேட்ட தேவசகாயம் ஐயாவுக்கு

என் பிரியமுள்ள ஐயா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போன இடத்தில் நோயும் இல்லை, அழுகையும் இல்லை என்று உங்கள் மகன் ஊரான நாவுலையில் உங்களை அடக்கம் செய்த அன்று போதகர் வாசித்தார். அப்படியானால் அங்கே உங்களுக்கு வேலை இருக்காது. வேலை இல்லாமல் உங்களால் எப்படி இருக்க முடிகிறது என்றுதான் எனக்குக் கவலை.

இங்கே நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசை நிற்கிறது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரை பங்களாவில் இப்போது ஒரு சிங்கள மாத்தயா இருக்கிறார். மேல் லயத்து வீட்டு வரிசையில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். உங்கள் டிஸ்பென்சரிக்குச் சின்ன வயது ஐயா ஒருவர் வந்திருக்கிறார். நல்ல பையன்தான், ஆனால் மருந்து கொடுக்கும்போது யாரையும் திட்டுவதில்லை. திட்டு வாங்காமல் குடித்த மருந்து வேலை செய்யுமா என்று நம் ஆட்களுக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் நினைவு மலரில் போடுவதாக உங்கள் மகன் சொல்லியிருக்கிறார். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் பார்வதி இன்று உயிரோடு இருப்பது உங்களால். அது தோட்டம் முழுக்கத் தெரியும். அதற்காக நீங்கள் எதை இழந்தீர்கள் என்பது உங்கள் சபையிலேயே பலருக்குத் தெரியாது.

நீங்கள் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சர். எல்லாரும் டாக்டர் ஐயா என்பார்கள். "டாக்டர் இல்லப்பா, மருந்து கலக்குறவன்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவீர்கள், யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நான் அதே தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. பகலில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை, செவ்வாய் வெள்ளியில் பூசை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்மார் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் மந்திரித்துத் திருநீறு போட்டு அனுப்புவேன்.

நீங்கள் தோட்டத்துக்கு வந்த புதிதில் ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு கோயில் படியில் வந்து உட்கார்ந்தீர்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நானும் தயாராக நின்றேன்.

"பூசாரி, காய்ச்சல்னா புள்ளைங்க மொதல்ல யார்கிட்ட வருதுங்க?"

"என்கிட்டத்தாங்க."

"அப்ப இந்தத் தோட்டத்துக்குப் பெரிய டாக்டர் நீதான். வா, ஒனக்குக் கொஞ்சம் வேல கத்துக் குடுக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் உங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. என்னைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் விடவில்லை. திருநீறு போட வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "போடு. போடுறப்ப கழுத்தத் தொட்டுப் பாரு, வெறைச்சிருக்கா? மூச்சு இழுக்கிறப்ப வெலாவுக்குக் கீழ குழி விழுதா? விழுந்தா ஒடனே அனுப்பு" என்றீர்கள். நான் அனுப்பத் தொடங்கினேன். நான் அனுப்பினால் வந்தார்கள். மாலையில் உங்கள் டிஸ்பென்சரி வாசலில் கிடந்த நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்து நாம் குடித்த பிளேன்டீக்கு அளவில்லை. உங்களுக்கும் எனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம், ஆனாலும் உங்கள் முன்னால் நான் வெற்றிலை போட்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கோடு போட்டிருந்தேன். பிள்ளைக்கு முத்து போட்டால் அது அம்மா வந்து இறங்கியிருப்பது. அந்த வீட்டில் வேப்பிலை கட்டுவோம், தாளிக்கமாட்டோம், வெளியாள் நுழையக்கூடாது, மருந்தும் ஊசியும் கூடவே கூடாது. "அந்த எடத்துல மட்டும் நீங்க வரப்படாதுங்க ஐயா" என்றேன். "சரி" என்றீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தீர்கள். அந்த வருடங்களில் முத்து போட்ட வீடுகளைத் தாண்டிப் போகும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனித்ததில்லை.

பிறகு என் வீட்டிலேயே அம்மா இறங்கினாள். பார்வதிக்கு நாலு வயது. சின்னமுத்து, தட்டம்மை என்பீர்களே அதுதான். ஐந்தாம் நாள் முத்து அடங்கி வந்தது, ஆனால் மூச்சு அடங்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே குழி விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் அதைக் கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தால் அம்மா விளையாடுகிறாள் என்று நிம்மதியாகவே இருந்திருப்பேன். தெரிந்தும் என்னால் அசைய முடியவில்லை. எத்தனை வீட்டு வாசலில் நின்று ஊசி கூடாது என்று சொன்னவன் நான். சொன்னது வாய்க்கு மட்டுமில்லை, எனக்கு அம்மனிடம் உண்மையாகவே பயம்.

யார் சொன்னார்களோ தெரியாது, நீங்கள் வந்தீர்கள். வேப்பிலைக்கு வெளியிலேயே நின்றீர்கள்.

"உள்ள வரல பூசாரி. கொடுத்த வாக்கு இருக்கு. ஒன்னே ஒன்னு சொல்லு. குழி விழுதா?"

"விழுதுங்க."

"அம்மாகிட்ட உத்தரவு கேளு."

என்னால் கேட்க முடியாது. வீட்டில் அம்மா இறங்கியிருக்கும்போது பூசாரி கோயில் படி ஏறக்கூடாது, அது எங்கள் தோட்டத்து வழக்கம். எனக்குப் பதிலாகப் பூசை பார்த்த சின்னச்சாமி கைகட்டி நின்றான். "நான் கேட்டு, நாளைக்குப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னங்க பதில் சொல்றது?" என்றான். கூடி நின்ற அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"சரி, நான் கேக்கிறேன்" என்றீர்கள்.

பையை வாசலில் வைத்துவிட்டுச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினீர்கள். பீலித் தண்ணீரில் கால் கழுவினீர்கள். லயமே உங்கள் பின்னால் வந்தது. நான் படிக்குக் கீழே நின்றுகொண்டேன். அம்மன் தலையில் சின்னச்சாமி செவ்வரளிப் பூ வைத்தான். வலது பக்கம் விழுந்தால் சரி, இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். நீங்கள் கைகூப்பி நின்றீர்கள், உங்கள் உதடு அசைந்தது. பூ விழவில்லை. எவ்வளவு நேரம் நின்றீர்கள் ஐயா? வலப்பக்கமும் விழவில்லை, இடப்பக்கமும் விழவில்லை. என் மகளின் மூச்சுச் சத்தம் அங்கே வரைக்கும் எனக்குக் கேட்பதாகவே இருந்தது.

நீங்கள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தீர்கள்.

"பூ எடது பக்கம் விழுந்துச்சா?"

"இல்லைங்க."

"அப்ப அம்மா வேணாம்னு சொல்லல."

வெறுங்காலோடு விறுவிறுவென்று இறங்கி வந்தீர்கள். என் பெண்சாதி காமாட்சி வாசலை மறித்து நின்றாள். "யாருங்க உத்தரவு கேட்டது?" என்றாள். "நான்தாம்மா கேட்டேன்." அவள் உங்கள் ஈரக்காலைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கிக்கொண்டாள். ஊசி போடும் முன்பு, "திருநீறு போட்டியா?" என்று என்னைக் கேட்டீர்கள். போட்டேன். அன்றும் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வந்து ஊசி போட்டீர்கள். மூன்றாம் நாள் பார்வதி உங்கள் கையைத் தட்டிவிட்டு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள், நான் சுவரோடு சாய்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு முத்து போட்ட எந்த வீட்டிலும் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் என்னிடம் வந்து உத்தரவு கேட்பார்கள், நான் கேட்டுச் சொல்வேன், நீங்கள் போவீர்கள். எத்தனை பிள்ளைகள் பிழைத்தன.

இந்தச் சங்கதி உங்கள் போதகர் இருக்கும் மாத்தளைக்குப் போனது. அவர் மாதம் ஒருமுறைதான் தோட்டத்து வேதக் கோயிலுக்கு வருவார். அந்த மாதம் கமிட்டியையும் கூட்டி உங்களை நிறுத்திக் கேட்டார்கள். விக்கிரகத்துக்கு முன்னால் கைகூப்பினது உண்மையா? அறியாத சனங்களை வழிக்குக் கொண்டுவர ஒரு நடிப்பு நடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அவர்களே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்களாம். நீங்கள் "கேட்டேன்" என்று மட்டும் சொன்னீர்கள். வருத்தம் தெரிவிக்கிறவரைக்கும் வேதம் வாசிக்கக் கூடாது, திருவிருந்தில் சேரக்கூடாது என்றார்கள்.

ஞாயிறு காலையில் அந்தச் சின்னக் கோயிலில் நீங்கள் வேதம் வாசிப்பதுதான் வாரத்தில் உங்களுக்கு ஒரே சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். வாசிக்க வேண்டிய பகுதியை வெள்ளிக்கிழமையே என்னிடம் வாசித்துக் காட்டுவீர்கள், நான் நிறுத்த வேண்டிய இடம் சொல்வேன். திடீரென்று வெள்ளிக்கிழமைகளில் புத்தகத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். காரணத்தை உங்கள் சம்சாரம்தான் சொன்னார். நான் உங்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

"சும்மா சொன்னேன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே? எனக்கென்ன கோவமா வரப்போகுது?"

"ஒனக்கு வராது பூசாரி. ஆனா அது லயத்துக்கு வந்து சேரும். டாக்டர் ஐயா நம்மள ஏமாத்திப்புட்டார்னு சொல்லுவாங்க. அடுத்த புள்ளைக்கு எவ கதவத் தொறப்பா?"

"அதுக்காக ஒங்க சாமிகிட்ட நீங்க போகாம இருக்கிறதா?"

"நான் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். கடைசி வாங்குல ஒக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

ஒன்றரை வருடம் கடைசி வாங்கில் உட்கார்ந்தீர்கள். எல்லாரும் திருவிருந்துக்கு எழுந்து முன்னால் போகும்போது நீங்கள் மட்டும் தலைகுனிந்து இருப்பீர்கள் என்று உங்கள் சம்சாரம் சொல்லி அழுவார். என் பிள்ளைக்காக என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. பிறகு புதுப் போதகர் ஒருவர் வந்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் அவராகவே கடைசி வாங்குவரை நடந்து வந்து உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாராம். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அம்மன் முன்னால் உதடு அசைத்து என்ன கேட்டீர்கள் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரித்து மழுப்பிவிடுவீர்கள். நாவுலையில் உங்கள் மகன் வீட்டில் கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டேன். "என்ன கேட்டேன்னு ஞாபகம் இல்ல பூசாரி. பயம்தான் ஞாபகம் இருக்கு. ஊசி போட்டும் அந்தப் புள்ள போயிருந்தா அதுக்கப்பறம் ஒரு வீட்டுக்குள்ளயும் ஊசி போயிருக்காது" என்றீர்கள். உண்மையில் யாரிடம் கேட்டீர்கள் ஐயா, அவளிடமா, உங்கள் கர்த்தரிடமா? இனி எனக்கு யார் சொல்வது?

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பார்வதியின் மகனுக்குச் சின்னமுத்து போட்டது. அவள் வாழ்க்கைப்பட்டுப் போனது வேறு காம்பரா என்பதால் நான் கோயில் படி ஏறத் தடையில்லை. அதே மாதிரி மூச்சு இழுப்பு. "உத்தரவு கேட்டுச் சொல்றேன், இரு" என்று அவளுக்கு ஆள் அனுப்பிவிட்டு நான் அம்மன் தலையில் பூ வைத்து நின்றேன். கூட்டம் வெளியே காத்திருந்தது. பெரிய பூசாரி இல்லையா நான், அவசரப்படலாமா? பூ விழவில்லை. திரும்பிப் பார்த்தால் பார்வதி பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி, வேப்பிலையோடு தூக்கிக்கொண்டு கோயிலைக் கடந்து டிஸ்பென்சரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

"உத்தரவு இன்னும் வரல புள்ள" என்று கத்தினேன்.

அவள் நடையைக்கூட நிறுத்தவில்லை. "அது எப்பவோ வந்துருச்சுப்பா. அந்த ஐயா எனக்கு மட்டுமா கேட்டாரு?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. கோயிலைப் பூட்டாமல் அவள் பின்னாலேயே ஓடினேன். பேரன் பிழைத்துக்கொண்டான் ஐயா. நேற்று ரசம் சோறு கேட்டு அடம்பிடித்தான்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் ஒருமுறை கேட்டு முடித்ததை நான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பூவுக்குக் காத்து நின்ற நேரமெல்லாம் பிள்ளைகளின் மூச்சிலிருந்து எடுத்த நேரம். வருகிற ஆடித் திருவிழாவில், கரகம் இறக்கியவுடன், மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன். முத்து போட்ட வீட்டில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் என்னிடம் வராதீர்கள், நேராக டிஸ்பென்சரிக்கு ஓடுங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் உத்தரவு வாங்கியாகிவிட்டது என்று. வாங்கியவர் தேவசகாயம் என்ற வேதக்காரர், அதற்காகத் தன் கோயிலில் ஒன்றரை வருடம் கடைசி வாங்கில் உட்கார்ந்தவர் என்பதையும் அம்மன் முன்னால் நின்று சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் தம்பி,
வடிவேலு