நீ பிரித்து வைத்த குழுக்கள்

இன்று காலை மழையோடு வந்த பிள்ளைகள் தங்கள் கம்பளிச் சட்டைகளைக் கணினி அறை ஜன்னலோரம் தொங்கவிட்டார்கள். அந்த ஈர வாடை எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது.

ஹட்டனில் நாம் இருவரும் சேர்ந்து மென்பொருள் கற்பித்த அறைதான் இது. பிள்ளைகளைக் குழுக்களாக்கி, யாருக்காவது நிஜமாகவே தேவைப்படும் வேலையைக் கொடுப்பாய். கடைசியாகக் கொடுத்தது, தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு டாக்டர் வந்துவிட்டாரா என்று போனிலேயே தெரிந்துகொள்ளும் செயலி. பாதி வேலையில், அதைச் செய்த குழுவின் கெட்டிக்காரப் பெண் திலகாவை வேறு குழுவுக்கு மாற்றினாய். அவள் அழுதுவிட்டாள்.

"முக்கால்வாசி நான் எழுதினது மிஸ்!"

"மத்தவங்களுக்குப் புரியலன்னா, அது இன்னும் எழுதி முடியலம்மா."

எனக்கே கோபம் வந்தது. "கொடுமைடி இது" என்றேன்.

"வேலைக்குப் போற எடத்துல ஆளுங்க போவாங்க, வருவாங்க. இங்கயே பழகட்டுமே" என்றாய், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

அந்த வாரம்தான் மழை விடாமல் பிடித்தது. அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் இருந்த உன் அம்மாவின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. "அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன், பிள்ளைங்களப் பாத்துக்க" என்று சொல்லி பஸ் ஏறினாய். மண்சரிவுக்குப் பயந்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களையெல்லாம் அதற்குள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் அங்கேதான் இருந்தார். அது தெரியாமல் நீ லயத்துக்குள் போனாய். பின்னாலிருந்த மலை சரிந்தது.

வகுப்பு திரும்பத் தொடங்கிய அன்று யாரும் கணினியைத் தொடவில்லை. பிள்ளைகள் எழுதி, நீ பார்த்துச் சரி சொல்லவேண்டியவை எல்லாம் திரையில் அப்படியே நின்றன. "இனி யாரு மிஸ் பாப்பாங்க?" என்று திலகாதான் கேட்டாள். நான் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடவேண்டியிருந்தது. திலகா இல்லாமலே அவளுடைய பழைய குழு செயலியை முடித்தது. அது பிழையில்லாமல் ஓடியது. யாரும் கைதட்டவில்லை.

இந்த வருடமும் குழுக்களைப் பாதியில் கலைத்தேன். அழுத பிள்ளைகளுக்கு உன் பதிலையே சொன்னேன்.

உன் அம்மா இப்போது ராகலையில், உன் சித்தி வீட்டில் இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"என்னையத் தேடித்தான் உள்ள போனாளா?"

"இல்லம்மா. சர்டிபிகேட் எடுக்கத்தான் போனா."

அவர் நம்புகிறாரா என்று தெரியவில்லை. அடுத்த முறையும் கேட்பார். அடுத்த முறையும் நான் இதையேதான் சொல்வேன்.