ஊர் இருக்கும் திசையில் ஒரு வீடு

இன்று காலை என் மாணவி ஒருத்தி நகர வரைபடத்தின் மேல் பென்சிலால் வட்டங்கள் போட்டு எடுத்துவந்தாள். பல தடவை அழித்துப் போட்டிருக்கிறாள்; தாளெல்லாம் ரப்பர் வாசம். உன் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் சமூகவியல் எம்.ஏ. படித்தோம். அருப்புக்கோட்டையை ஆய்வுக்கு எடுத்தது உன் யோசனை. நகரம் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக வளரும், பிழைக்க வருகிறவர்கள் முதலில் நடுவை ஒட்டித்தான் தங்குவார்கள் என்றது பாடப்புத்தகம். சென்சஸ் கையேட்டையும் நகராட்சி வார்டு வரைபடத்தையும் பரப்பி வைத்து நீ வட்டம் போட்டாய். ஊர் அதற்குள் அடங்கவில்லை. வறட்சிக்குத் தப்பி வந்தவர்கள் எல்லாம் ஓரங்களில் இருந்தார்கள்.

திருச்சுழி ரோட்டில் வீடு வீடாக விசாரித்தோம். அநேகமாக எல்லாருக்கும் திருச்சுழிப் பக்கம்தான் சொந்த ஊர். ஏன் இந்த இடம் என்று கேட்டதற்கு, நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள்: "எங்கூரு பஸ்ஸு இப்பிடித்தான தாயி போகுது. மழை பெஞ்சிருச்சுன்னா ஏறிப் போயிருவோம்ல."

நீ ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து வட்டங்களை அழித்தாய். ஊருக்குள் வரும் சாலைகளை மட்டும் விட்டுவைத்தாய். புத்தகத்துக்கு மாறாக எழுதினால் தேறுவோமா என்று எனக்குப் பயம். பேராசிரியரும் முகம் சுளித்தார். புத்தகம் தப்பென்று சொல்லவில்லை, இந்த ஊரில் ஏன் பொருந்தவில்லை என்றுதான் கேட்கிறோம் என்றாய். அப்படியானால் பந்தல்குடி ரோட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

அங்கேயும் அதேதான். அந்தந்தச் சாலையில் அந்தந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒரு வீடு மட்டும் இதில் சேரவில்லை; அந்த வீட்டுக்காரி திருச்சுழிப் பக்கத்தவள். நான் அடுத்த வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் உன்னிடம் வெகுநேரம் பேசினாள். திரும்பும்போது பஸ்ஸில் உன்னைத் துளைத்தெடுத்தேன்.

"மழை பெஞ்சாலும் அவுக போக மாட்டாக. அம்புட்டுதான். மிச்சம் ஆராய்ச்சிக்கு இல்லடி."

ஆய்வேட்டில் அந்த வீட்டை நீ விட்டுவிடவில்லை. 'வேறு காரணம்' என்று மட்டும் எழுதினாய். பேராசிரியர் அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டபோதும், அதற்கு மேல் எழுத முடியாது என்றாய். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சிரிப்பாய். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் கேட்க வாயெடுத்தேன். உனக்கு மூச்சு வாங்கியது. கேட்காமல் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நீ போய்விட்டாய்; அந்த வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. இப்போதும் எந்தத் தெருவுக்கு ஆய்வுக்குப் போனாலும், கணக்கில் சேராத வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டுகிறேன். உள்ளே உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அதில் எதை எழுதலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்கும்போது மட்டும் மனசுக்குள் உன்னைக் கேட்காமல் எனக்குக் கை ஓடுவதில்லை.