முதுகுக்கு இதமான பேட்டரி

மார்கழி 14, திங்கள் இரவு.

போன மாதம் செல்வி முதுகில் மாட்டி மருந்தடிக்கும் மெஷினுக்கு நான் ஒரு பேட்டரி போட்டுக் கொடுத்தேன். வத்தலக்குண்டுப் பக்கம் தக்காளித் தோட்டம் அவளுக்கு. இன்று என் ரிப்பேர் கடைப் பக்கம் வந்தவள் பாராட்டித் தள்ளிவிட்டாள்.

"முந்தின பேட்டரி அம்புட்டுக் கனம்ணே. இது பஞ்சு மாதிரி இருக்கு. விடியக்காலைப் பனியில முதுகுக்கு இதமா வேற இருக்கு" என்று சிரித்தாள்.

அந்தப் பேட்டரி சுடவே கூடாது. சுட்டால் உள்ளே ஏதோ ஒரு செல் கெட்டிருக்கிறது; சார்ஜில் கிடக்கும்போது தீப்பிடிக்கலாம்.

பழைய லேப்டாப்களில் பிரித்தெடுத்த செல்களைச் சேர்த்து நானே கட்டியது அது. குப்பையில் கிடந்து எரியப் போவதை எடுத்து ஓட வைப்பதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பழசு என்று அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இன்று அவள் கிளம்பும்வரை வாயே திறக்காமல் நின்றேனே, அதை என்னவென்று சொல்வது?

ராத்திரிச் சாப்பாட்டில் பாதியில் எழுந்து அவளுக்குப் போன் போட்டேன். "மெஷினக் கொண்டாம்மா, பேட்டரிய ஒருக்கப் பாத்துத் தாரேன்."

"ஏண்ணே, புதுசுதானே?"

"புதுசுதான். சும்மா பாக்கத்தான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை வாரேண்ணே. விடிய மருந்தடிக்கணும்னு இப்பத்தான் சார்ஜ் போட்டேன். பக்கத்துல பிள்ளைக தூங்குதுக" என்று மெல்லப் பேசி வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டு, உடனே கழற்றிவிடு என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள்.

போன் கையில்தான் இருக்கிறது.