ஒரே செட் டயர்

ஜூன் 2, திங்கள்

நான்கு டயரும் ஓரத்தில் மொட்டை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு ரேஸ் டிராக்கில் வளைத்து வளைத்து ஓட்டினால் இப்படித்தான் ஆகும். மற்ற நாளெல்லாம் இதே காரில்தான் கிளினிக்குக்குப் போய் ஊரார் முழங்காலை மடக்கி நீட்டுகிறேன். காய்கறி மூட்டையும் இதில்தான் வருகிறது.

நாத்தனாருக்கு அந்தத் தொல்லை கிடையாது. டிராக்குக்கென்றே தனி வீல், அதில் பிசின் மாதிரி ஒட்டுகிற மெத்தென்ற டயர். நேற்று என்னைவிட இரண்டு விநாடி குறைவாகச் சுற்றிவிட்டு, "டயர் மாத்துங்க அண்ணி, எல்லாம் சரியாயிடும்" என்று தோளைத் தட்டினாள். ஆறுதலாம்!

ஜூலை ஆறாம் தேதி அவளை முந்துகிறேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஜூன் 4, புதன்

இவர் நிபந்தனை போட்டுவிட்டார். தங்கையும் பெண்டாட்டியும் மோதிக்கொள்ளும்போது நடுவில் நிற்கிற மனிதர், பாவம். "எந்த டயர் வேணா போடு. ஆனா ரோட்டுல ஒரு தடவை வழுக்குச்சுன்னாலும் டிராக்கு அதோட சரி. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

ஜூன் 6, வெள்ளி

டயர் கடைக்காரர் இரண்டை உருட்டிக் கொண்டுவந்தார். ஒன்றில் பள்ளமே இல்லை, நாலு கோடு கிழித்த மாதிரி இருந்தது. விரல் நகத்தை அழுத்தினேன், உள்ளே இறங்கியது. ஆகா! இன்னொன்றில் தண்ணீர் வெளியேற ஆழமான பள்ளங்கள். ரோட்டில் கெட்டி, டிராக்கிலும் ஓரளவு தாங்கும்.

"டிராக்குல முதல்ல காட்டினதுதான் மேடம் ராஜா. ஆனா சூடு ஏறணும், அதுவரைக்கும் கல்லு. மழைன்னா ரொம்ப ஜாக்கிரதை. ரெண்டாவது அப்படியில்ல, ஜில்லுன்னு இருந்தாலும் பிடிக்கும். நாலஞ்சு ரவுண்டு வேகமா அடிச்சா மட்டும் வழவழன்னு ஆயிடும். தினமும் ஓட்டுற வண்டிக்கு ரெண்டாவதுதான் நான் சொல்லுவேன்."

அவர் நல்ல மனிதர். நான் ராஜாவைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

புது டயர் ரோட்டில் கிடக்கிற பொடிக்கல்லையெல்லாம் பொறுக்கி வண்டிக்கு அடியில் படபடவென்று அடிக்கிறது. "என்ன சத்தம்?" என்றார் இவர். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

ஜூன் 19, வியாழன்

மழை. ரவுண்டானா. வண்டி திரும்பவே இல்லை.

ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், அது நேராகப் போகிறது — வேகமாகக்கூடப் போகவில்லை, சத்தியமாக! பக்கத்து வரிசைக்குள் பாதி போய் நின்றது. அங்கே யாரும் இல்லை. இருந்திருந்தால்? ஒரு ஸ்கூட்டர் இருந்திருந்தால்?

கிளினிக்கில் முதல் நோயாளி, "வலி இந்தக் கால்ல இல்ல டாக்டர், அந்தக் கால்ல" என்று திருத்தினார். ரொம்பப் பயந்துவிட்டேன். சாயங்காலம் நேரே கடைக்குப் போனேன். கடைக்காரர் ஜாக்கியை எடுத்து, அந்த இரண்டாவது டயரை மாட்டிக் கொடுத்தார்.

ஜூன் 20, வெள்ளி

சத்தம் அதிகமாக இருந்ததால் மாற்றினேன் என்று சொல்லலாம் என்றுதான் ஒத்திகை பார்த்தேன். சாப்பிடும்போது உண்மையைக் கொட்டிவிட்டேன். வாய் எனக்கு எப்போதுமே எதிரிதான்.

இவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "புதுசு மழையில நிக்குதா?"

"நிக்குது. நேத்து அதே ரவுண்டானாவை மூணு தடவை சுத்திப் பாத்துட்டேன்."

"மூணு தடவையா!" சிரித்துவிட்டார். "இந்த ஒரு தடவைதான். அடுத்தது கிடையாது."

டிராக் பிழைத்தது. ஆனால் நாத்தனாரை முந்துவது? இந்த டயரில்?

ஜூலை 2, புதன்

அவள் டயர் சூடு ஏறும்வரை கல். என்னுடையது ஜில்லென்று இருந்தாலே பிடிக்கும்.

நான் ஏன் இதை முதலிலேயே யோசிக்கவில்லை?

ஜூலை 3, வியாழன்

தேன் ஒழுகப் பேசினேன். "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கே வந்துடுவோமா? கூட்டம் வர்றதுக்குள்ள ஆளுக்கு ஒரே ஒரு ரவுண்டு. டிராக் கேட்டுலேருந்து கிளம்பினதும் கணக்கு ஆரம்பம்."

"ஒண்ணே ஒண்ணா? சரி அண்ணி." பாவம், ஒத்துக்கொண்டாள். பாவம் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

ஜூலை 6, ஞாயிறு

ஜெயித்தேன்! மூன்று விநாடி! முதல் வளைவிலேயே அவள் வண்டி பின்பக்கத்தை ஆட்டியது. அதன் பிறகு நிதானமாகத்தான் ஓட்டினாள்.

இறங்கி வந்து என் டயரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். குனிந்து தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மும்முரமாக ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

போன். "அண்ணி, அன்னைக்கு உங்க டயரும் உங்க தந்திரமும் ஜெயிச்சுது. சரிதானே?"

"சேச்சே" என்றேன்.

"அதே டயரை நானும் வாங்கிட்டேன். அடுத்த மாசம் இருபது நிமிஷம் முழுசா ஓட்டுவோம். யார் வேகம்னு எனக்கும் தெரியணும்."

எனக்கும் தெரிய வேண்டும்தான். அப்படியென்றால் அன்றைக்கு வேறு வேலை இருக்கிறதா என்று ஏன் காலண்டரைப் புரட்டுகிறேன்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரே டயர். காற்றுகூட ஒரே அளவு. அவள் கொண்டுவந்த மீட்டரிலேயே அளந்தோம், என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆளுக்கு வேகமான ஒரு சுற்றை எடுத்துப் பார்த்தோம். அரை விநாடியில் தோற்றேன்.

சாக்கு தேடினேன். வெயில். முதுகுவலி. முன்னால் ஊர்ந்த ஒரு சிவப்பு கார். டயரைக்கூடக் குனிந்து பார்த்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. உண்மை என்னவென்றால், கடைசி மூன்று சுற்றும் அவள் பின்னாலேயே போனேன். நீளமான அந்த இடது வளைவில் நான் பிரேக்கை மிதிக்கிற இடத்தில் அவள் மிதிப்பதே இல்லை. டயர் வழவழப்பான பிறகும் வண்டி ஒரு கோட்டை விட்டு நகரவில்லை. நன்றாக ஓட்டுகிறாள், ராட்சசி. இத்தனை வருஷமும் அவள் டயரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்த வளைவுல எப்படிடி போற?" கேட்டே விட்டேன்.

தோளைத் தட்டுவாள் என்று காத்திருந்தேன். தட்டவில்லை. ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, தன் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"உக்காருங்க அண்ணி. என் காலைப் பாருங்க, ரோட்டைப் பாக்காதீங்க."

உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.