தலையில்லாத கெண்டை

மார்ச் 4, திங்கள்

ஏரியில் இன்று ஒரு கெண்டை. அறுபத்து நான்கு சென்டிமீட்டர்! ஈரச் சாக்கில் கிடத்தி, பக்கத்தில் என் தையல் டேப்பை நீட்டி, ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு மறு கையால் போனைத் தூக்கினால், சும்மா கிடக்குமா? முதல் படத்தில் வானம். இரண்டாவதில் என் இடது ஷூ, மிகத் தெளிவாக. மூன்றாவதில் வாலும் டேப்பில் 64 என்ற எண்ணும் விழுந்தன. அதற்குள் மீனுக்கு மூச்சு முட்டியது, தண்ணீரில் விட்டுவிட்டேன். பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது தூண்டில் சங்கத்தின் விதி. பிறகு படம் ஒன்றுதான் சாட்சி.

துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். ஏரிக்கரையில் பேச்சுத்துணையா? மீன் வந்த மாதிரிதான்.

மார்ச் 5, செவ்வாய்

சங்கத்தின் செயலாளர் மருந்துக்கடைக்காரர். இந்த வருடப் பட்டியலில் முதலிடமும் அவருடையதே: அறுபத்திரண்டு. கடைக்கே போய்ப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ஷூ நல்லா இருக்குங்கம்மா. மீனோட தலை எங்க?"

"தண்ணிக்குள்ள."

"தலையில்லாத மீனை எப்படிம்மா எழுதறது?"

"என் வார்த்தைக்கு மேல உங்களுக்குத் தலை வேற வேணுமா?"

இருமல் மருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருடம் படித்தவள் நான், பொய் சொல்லிப் பழக்கமில்லை என்றேன். நீளத்தைக் கூட்டிச் சொல்கிறவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும் என்றும் சொன்னேன். அது தேவையில்லாதது.

அவர் பட்டியலை எடுத்து, தன் பெயருக்கு மேலே என் பெயரை எழுதினார். மாத முடிவில் பட்டியலை மூடுவார்கள். முதல் இரண்டு பெயர்கள் ஒரு வருடம் சங்கப் பலகையில் நிற்கும்.

மார்ச் 6, புதன்

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 11, திங்கள்

இருந்தாலும் அந்தத் 'தலை எங்க' காதிலேயே நிற்கிறது. முழு மீனையும் ஒரு படத்தில் அடக்கி அவர் வாயை மூடாமல் விடப்போவதில்லை.

மகளைப் போனில் கேட்டேன். "டைமர்னு ஒண்ணு இருக்கும்மா. அமுக்கிட்டு, பத்து எண்றதுக்குள்ள மீனைப் பிடிச்சுக்கோ. நாற்காலியில போனைக் கட்டிடு."

"பத்து எண்றவரைக்கும் சும்மா இருன்னு மீனுக்கு யார் சொல்றது?"

"நீ சொன்னா கேட்கும்மா. நாங்க எல்லாம் கேட்கலையா?"

சமையலறையில் ஒரு வெள்ளரிக்காயை வைத்து ஒத்திகை. பதினான்கு படங்கள். வெள்ளரிக்காய் அசையவில்லை, நான்தான் அசைந்திருக்கிறேன்.

மார்ச் 16, சனி

வெற்றி! மடக்கு நாற்காலியின் கையில் போனைக் கட்டி, கீழே சாக்கு, டேப், கெண்டை. ஐம்பத்தெட்டுதான், ஆனால் மூக்கிலிருந்து வால் நுனி வரை முழுசாக! செதில்களைக்கூட எண்ணலாம். உடனே மகளுக்கு அனுப்பினேன். கடை அடைத்துவிட்டது; திங்கட்கிழமை அவருக்கும் காட்ட வேண்டும்.

அதே நாள், மாலை

ரசிப்பதற்காக விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மீனின் மூக்கருகே டேப் 3 என்கிறது.

மூன்றா? பூஜ்யம் எங்கே?

ஐயோ. நானே வெட்டியதுதான். நுனியின் தகடு கழன்று பிசிறடித்ததால், நேர்கோடு பிடித்து, மூன்றாவது சென்டிமீட்டரில், நானே. தைக்கும்போது எதை அளந்தாலும் மூன்றைக் கழித்துக்கொள்வேன், யோசிக்காமலே. தையலை விட்டுப் பதினோரு வருடமாயிற்று. கழிப்பதையும் விட்டிருக்கிறேன். ஏரிக்கரையில் வால் பக்கத்து எண்ணைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததே இல்லை.

அப்படியானால் இது ஐம்பத்தைந்து. அந்தக் கெண்டை அறுபத்தொன்று. அவருடையது அறுபத்திரண்டு.

நாலு பேர் முன்னால அந்த மனுஷனை என்ன பேச்சுப் பேசிட்டேன்!

மார்ச் 17, ஞாயிறு

மகளிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. "விடும்மா. அந்தப் பழைய படத்துல தலையே இல்ல. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேடி."

"அப்போ இந்தப் படத்தை அழிச்சிடு."

அழிக்கலாம். ஒரு விரல் போதும். விரலை வைத்தும் பார்த்தேன்.

ஆறு வருடமாக ஏரிக்குப் போகிறேன். பலகையில் முதலிடத்தில் என் பெயர் இதுவரை வந்ததில்லை.

மார்ச் 18, திங்கள்

கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில்தான் திரும்பப் பெற வேண்டும். போனையும் டேப்பையும் மேசைமேல் வைத்தேன். "என் அளவு தப்பு. எல்லா மீனும் மூணு சென்டிமீட்டர் கம்மி. உங்களைப் பத்திச் சொன்னதும் தப்பு."

அவர் டேப்பைத் தூக்கிப் பார்த்தார். நுனியைத் தடவினார்.

"வெட்டுனது மட்டும் எவ்வளவு நேரா இருக்கு பாருங்க," என்றார், கூட்டத்தைப் பார்த்து.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், வேறு வழி?

பிறகு மெதுவாகக் கேட்டார்: "இத்தனை பேர் முன்னால சொல்லப் பயமா இல்லையாம்மா உங்களுக்கு?" இருந்தது. இல்லை என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை என்றவள்தான் நான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பலகை மாட்டிவிட்டார்கள். அவர் முதலில், அறுபத்திரண்டு. நான் இரண்டாவது, அறுபத்தொன்று. எழுத்து பரவாயில்லை.

காலையில் எதிர்க்கரையிலிருந்து, "அம்மா! அம்மா!" என்று ஒரே கத்தல். யாருக்கோ நெஞ்சுவலி என்று சுற்றிக்கொண்டு ஓடினேன். மருந்துக்கடைக்காரர், தன்னந்தனியாக, இடுப்பு வரை நனைந்து, கையில் துள்ளும் கெண்டையோடு. படம் எடுக்க ஆளில்லை.

மீனைக் கேமராவை நோக்கி நீட்டி நின்றார், பெரிதாகத் தெரியட்டும் என்று.

"கையை மடக்கிப் பிடிங்க," என்றேன்.

மடக்கினார். மீன் பாதியாகிவிட்டது. அவர் கண்ணை மூடிவிட்டதால் இன்னொன்றும் எடுத்தேன். பிறகு புது டேப்பால் அளந்து, தண்ணீரில் விட்டோம். ஐம்பத்து மூன்று. அவரே குறித்துக்கொண்டார்.

"இப்ப நீங்க நில்லுங்கம்மா."

"என்கிட்டதான் மீனே இல்லையே?"

"அதனால என்ன?"

மீன் இல்லாமல் எதற்குப் படம் என்று கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன்.

படம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.